நாற்பத்து மூன்றுக்கு அடுத்தது ஏழு

அந்த ஊர்த் தபால்காரிக்குச் ‘சக்கரம்’ என்று பெயர் வைத்தது அவளுடைய மாமியார். பாராட்டி வைத்ததல்ல. மருமகளாக வந்த புதிதில் அவள் நின்றுகொண்டே சாப்பிடுவாள், நடந்துகொண்டே தலை பின்னுவாள், பின்னல் முடியுமுன் எதையோ மறந்தவள்போலக் கொல்லைக்கு ஓடுவாள். “கால்ல சக்கரத்தைக் கட்டி அனுப்பியிருக்காங்க” என்று மாமியார் அக்கம்பக்கத்தில் அங்கலாய்த்தாள். அக்கம்பக்கம் அங்கலாய்ப்பை விட்டுவிட்டுச் சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டது.

இப்படி ஒருத்திக்கு வாய்த்ததோ, அசையவே அசையாத ஊர். ஆற்றைப் பார்த்தபடி ஒரே வரிசையில் அறுபத்திரண்டு வீடுகள். ஒரு முனையில் படித்துறை, மறு முனையில் பஸ் நிறுத்தம். அறுபத்து மூன்றாவது வீடு கட்ட இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் அந்த ஊருக்குப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் உண்டு. அது கிடைத்ததே, ஒரு நாள் மத்தியானம் ஊர் முழுவதும் ஒரேயடியாக நகர்ந்ததற்காகத்தான்.

எழுபது வருடத்துக்கு முந்தைய போர் அது. எதிரிப் படை ஆற்றோரமாக வருகிறது என்ற செய்தி காலை பத்து மணிக்கு வந்தது. ஊரில் இருந்த படகுகள் மூன்று. அந்த மூன்றையும் முந்தின நாள்தான் சொந்தப் படை ‘நாட்டுக்குத் தேவை’ என்று சொல்லி ஓட்டிக்கொண்டு போயிருந்தது. ஜனம் முன்னூற்றுச் சொச்சம். யாரோ ஒருவர் தன் வீட்டுக் கதவைக் கழற்றினார். யார் என்பதில் பதினேழு குடும்பங்களுக்குள் இன்றைக்கும் தகராறு. மூன்று மணிக்குள் அறுபத்திரண்டு கதவுகளும் கழன்றன. காலி எண்ணெய்ப் பீப்பாய்களின்மேல் கட்டப்பட்டன. ஊர் தன் கதவுகள்மேல் ஏறி உட்கார்ந்து அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. ஓர் உயிர்கூடச் சேதமில்லை. சாயங்காலம் வந்த படை அறுபத்திரண்டு திறந்த வீடுகளைக் கைப்பற்றியது. பூட்டுவதற்கு ஒன்றுமில்லாத ஊரை என்ன செய்வதென்று தெரியவில்லையோ என்னவோ, நாலாம் நாள் அதை விட்டுவிட்டுப் போய்விட்டது.

அன்று ஆறு வயதாக இருந்த மாமியார் இரண்டாவது தெப்பத்தில் கடந்தவள். வெளியூர்க்காரர்கள் கேமராவோடு வந்து அந்த வீர நாளைப் பற்றிக் கேட்டால், “என் புதுச் செருப்புல ஒண்ணு தண்ணில விழுந்துருச்சு” என்பாள். வேறென்ன ஞாபகம் என்றால், “இன்னொரு செருப்பைக் கரையில தூக்கிப் போட்டேன். ஒத்தைச் செருப்பை வச்சு என்ன பண்றது?” என்பாள். அதற்கு மேல் அவளிடமிருந்து வரலாறு பெயராது.

பாடப்புத்தகமும் அக்கரையோடு முடித்துக்கொள்கிறது. தபால்காரியின் கஷ்டம் இக்கரைக்குத் திரும்பியதில் ஆரம்பித்தது.

போருக்கு முந்தைய வருடம்தான் கணக்கெடுக்க வந்தவர்கள் ஒவ்வொரு கதவிலும் தாரால் எண் எழுதியிருந்தார்கள். படித்துறைப் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்கான வரிசை. பதினாலு மாதம் கழித்து ஊர் திரும்பியபோது கதவுகளும் குவியலாகத் திரும்பின. வானம் கறுத்துக்கொண்டு நின்றது. கைக்கு வந்த கதவை அவரவர் வீட்டில் மாட்டினார்கள். மழை விட்டதும் மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சு. மழை விடுவதற்குள் நிவாரண அரிசியோடு அதிகாரிகள் வந்து, கதவில் இருந்த எண்ணைப் பார்த்து அட்டை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அட்டையில் ஏறிய எண் பத்திரத்தில் ஏறியது, பள்ளிச் சான்றிதழில் ஏறியது, பிணத்தைப் புதைத்த பதிவேடுவரை ஏறியது. அதன் பிறகு கதவை யார் மாற்றுவார்கள்? கதவுக்கு ஏற்றபடி நிலையைச் செதுக்கினார்கள். குட்டைக் கதவு வந்த வீட்டில் வாசற்படியைச் செங்கல் வைத்து உயர்த்தினார்கள்.

ஆகவே அந்த ஊரில் முதல் வீட்டின் எண் நாற்பத்து மூன்று. அடுத்தது ஏழு. அதற்கடுத்தது ஐம்பத்தெட்டு. ஒன்றாம் எண்ணைத் தேடுகிறவர் கடைசியிலிருந்து நாலாவது வீட்டுக்கு, தையல்காரரிடம் போக வேண்டும். இன்னொரு வழக்கமும் அந்த நாளோடு ஒட்டிக்கொண்டது. எந்த வீட்டுக் கதவையும் திருகாணி போட்டு இறுக்குவதில்லை. கொண்டியில் சொருகி நிறுத்துவதுதான். இரண்டு பேர் பிடித்துத் தூக்கினால் ஒரு நிமிடத்தில் கையோடு வந்துவிடும். மறுபடி ஓட வேண்டியிருக்கும் என்று யாரும் நம்பவில்லை. ஓட வேண்டியிராது என்று சொல்லவும் யாரும் தயாரில்லை.

இந்த ஊருக்குச் சக்கரம் ஆறு மாதத் தற்காலிக வேலைக்கென்று வந்தாள். அது நடந்து இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. வந்த இரண்டாம் வருடம் பம்ப் ஆபரேட்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நாற்காலி போட்டு, காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் மனிதர். பதிவுத் தபாலில் கையெழுத்து வாங்கப் போனால் எப்போதும் அதே இடத்தில் இருப்பார். இருபத்து நாலு வயதில் அவளுக்கு அது ஓர் அபூர்வ குணமாகப் பட்டது.

வருடா வருடம் மாற்றல் கேட்டு எழுதினாள். அவளுக்கு வேண்டியது ஊரல்ல, வண்டி. ராத்திரி பகல் என்றில்லாமல் ஊர் ஊராக ஓடிக்கொண்டே கடிதங்களைப் பிரிக்கிற தபால் வண்டியில் ஓர் இடம். ‘மாற்று ஆள் கிடைத்ததும் பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வரும். மாற்று ஆட்களும் மூன்று முறை வந்தார்கள். முதல் ஆள் ஒன்பது நாள் இருந்தார். கோர்ட் சம்மனை ஊர்த் தலைவர் வீட்டிலும் தலைவருக்கு வந்த பாராட்டுக் கடிதத்தைக் கோழி திருடியவர் வீட்டிலும் கொடுத்தார். இருவருமே வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது ஆள் நாலாம் நாள் பையை ஆற்றங்கரையில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினார். மூன்றாவது ஆள் தபால் ஊழியர் சங்கத்தில் செல்வாக்குள்ளவர். அவர் திரும்பிப் போய், எண்கள் வரிசைப்படும்வரை அந்த ஊருக்கு யாரையும் அனுப்பக் கூடாது என்று தீர்மானமே போட வைத்துவிட்டார்.

ஆக, அந்தத் தெருவைக் கண்ணை மூடிக்கொண்டு நடக்கத் தெரிந்ததாலேயே அவள் அந்தத் தெருவைவிட்டுப் போக முடியாமல் இருந்தாள்.

இந்த வருடம் தபால் இன்ஸ்பெக்டர் நேரிலேயே வந்தார். வண்டியில் ஓர் இடம் காலி, வெள்ளிக்கிழமையோடு கெடு. அதற்குள் ஊர் முழுக்கப் புது எண் பலகை ஏறிவிட வேண்டும்; முதல் வீட்டுக்கு ஒன்று, இரண்டாம் வீட்டுக்கு இரண்டு என்று. அவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அவள் போகலாம்.

“ஊர்ல ஒத்துக்குவாங்களாம்மா?” என்றார்.

“தாரெண்ணைத் தொடாம, அதுக்குக் கீழ அடிச்சா ஒத்துக்குவாங்க சார்.”

ஒத்துக்கொண்டார்கள். அவளே எதிர்பார்க்காத வேகத்தில் ஒத்துக்கொண்டார்கள். “பாவம், உனக்கும் எத்தனை நாளைக்குத்தான் இந்த ஊரு?” என்று தையல்காரர் தாராளமாகச் சொன்னது அவளுக்கு என்னவோ செய்தது. போகாதே என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவரோடு சண்டை போட்டிருப்பாள்.

வெள்ளிக்கிழமை காலைப் பஸ்ஸில் பலகை மூட்டை வந்தது. நீல எனாமலில் வெள்ளை எழுத்து; ஒவ்வொன்றும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி, மேலே எண் எழுதியிருந்தது. இன்ஸ்பெக்டர் நாலரை மணிப் பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார். படித்துறையை ஒட்டிய ஒற்றை அறைதான் தபால் நிலையம். மேசை, தராசு, முத்திரை, சுவரில் அறுபத்திரண்டு குழிகள் கொண்ட மர அடுக்கு. அவள் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது பம்ப் ஆபரேட்டர் வாசலில் வந்து நின்றார். நாற்காலியைவிட்டு அவர் அவ்வளவு தூரம் வந்ததே பெரிய காரியம்.

“வண்டில போனா வீட்டுக்கு எப்ப வருவே?”

“வாரத்துல ஒரு நாள்.”

“எந்த நாள்?”

“அதை இப்பவே எப்படிங்க சொல்றது? வண்டி எங்க இருக்கோ அதைப் பொறுத்து.”

“பரவால்ல. நான் இங்கதான் இருப்பேன்.”

“அது எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா அங்கதானே இருக்கீங்க!”

“நீயும்தான் இருந்தே.”

“நான் இருந்தேனா? எப்ப இருந்தேன்? ஒரு நிமிஷம் உக்காந்திருப்பேனா?”

இந்தப் பேச்சு முழுவதும் அவள் கைகள் வேலையை நிறுத்தவில்லை. காகிதப் பொட்டலங்கள் டக் டக்கென்று குழிகளில் விழுந்தன. குழிகளிலிருந்து வரிசையாகப் பையில் ஏறின. அவர் பதில் யோசித்து முடிப்பதற்குள் அவள் தெருவில் இருந்தாள். நாற்பதே நிமிடம். வாசலில் நின்றவர் கையில், தையல் மெஷின்மேல், ஜன்னல் கம்பிக்கு இடையில் என்று அறுபத்தொன்றையும் கொடுத்துவிட்டு, சொந்த வீட்டுப் பலகையை மாமியார் மடியில் போட்டாள். பின்னாலேயே தச்சர் ஒவ்வொரு வாசலிலும் நின்று அடித்துக்கொண்டே வந்தார். வேலையில் சுத்தமான மனிதர். ஆணியைக் கதவின் அந்தப் பக்கம்வரை இறக்கி, முனையை மடக்கி, மடக்கியதன்மேல் இரண்டு அடி. “இனி இதைப் பேக்கணும்னா பலகையை உடைக்கணும்” என்று ஒவ்வொரு வீட்டிலும் பெருமையாகச் சொன்னார். அறுபத்திரண்டு வீட்டிலும் பலகையைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், உள்ளே போனார்கள்.

ஒன்றரை மணிக்குப் பம்ப் ஆபரேட்டர் சாப்பிட வந்து வாசலில் நின்றார். தாரெண் இருபத்தொன்பது. அதற்குக் கீழே பளபளவென்று நீலப் பலகை, இருபத்தொன்பது.

“நல்லா இருக்கு. நம்ம நம்பர்தான்” என்றார் திருப்தியாக.

சக்கரம் சோற்றுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

“நம்மது எத்தனாவது வீடு?”

“எட்டாவது.”

கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. அவள் வெளியே வந்து தெருவைப் பார்த்தாள். நாற்பத்து மூன்று, ஏழு, ஐம்பத்தெட்டு, பன்னிரண்டு. எனாமல் வெயிலில் மின்னியது. இருபத்திரண்டு வருடமாக எண் எழுதிய எந்தப் பொருளையும் அந்த எண்ணுள்ள கதவில் சேர்த்துப் பழகிய கைகள், இதையும் சேர்த்துவிட்டிருந்தன. ஒரு வீட்டுக்காரர்கூட வாய் திறக்கவில்லை. ஏன் திறப்பார்கள்? அவரவர் எண் அவரவருக்குச் சரியாகத்தானே வந்திருக்கிறது!

தச்சரைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு பலகையை நெம்பிப் பார்த்தார். எனாமல் பொரிந்து உதிர்ந்தது. “நான் அப்பவே சொன்னேனே” என்றார், தப்பு எதுவும் தன்னுடையதல்ல என்ற நிம்மதியோடு.

“மணி என்ன?” என்று கேட்டாள்.

“ஒண்ணே முக்கால்.”

சக்கரம் படித்துறைவரை நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். ஊர் அவள் நடப்பதைப் பார்த்துப் பழகியதுதான். ஆனால் பையில்லாமல் நடந்து பார்த்ததில்லை. தையல்காரர் பக்கத்தில் வந்து, “அடுத்த வருஷம் மறுபடி எழுதிப் போடலாம் தபாலக்கா” என்றார். அவள் பார்த்த பார்வையில் அவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

வாசலில் உட்கார்ந்து பலகை சுற்றிவந்த காகிதத்தை மடித்துக்கொண்டிருந்த மாமியார்தான் வாயைத் திறந்தாள். “ஏண்டா, பலகை கதவைவிட்டு வராது. சரி. கதவு வீட்டைவிட்டு வருமில்ல?”

யாருக்கும் சட்டென்று புரியவில்லை.

“முதல்ல எண்ணு வரிசையாத்தானே இருந்துச்சு? கதவு பழைய வீட்டுக்குப் போனா எண்ணும் போயிடும். தூக்குங்கடா!”

எழுபது வருடத்தில் இரண்டாவது முறையாக அந்த ஊர் தன் கதவுகளைக் கழற்றியது. போன தடவை வந்துகொண்டிருந்தது ஒரு படை. இந்தத் தடவை ஓர் இன்ஸ்பெக்டர். பதற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தெரு ஒன்றுதான், போக்குவரத்து இரண்டு திசையிலும். நாற்பத்து மூன்று கீழே போக, ஒன்றாம் எண் மேலே வந்தது. இரண்டும் நடுவில் இடித்துக்கொண்டு, எது யாருக்கு வழிவிடுவது என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. தையல்காரர் வீட்டில் அளவு கொடுத்துக்கொண்டிருந்தவர், திடீரென்று தெரு முழுவதற்கும் தெரிகிறபடி பாதி கழற்றிய சட்டையோடு நின்றார். தலையில் சோப்பு நுரையோடு ஒரு பெண், “என் கதவை எங்கடா எடுத்துட்டுப் போறீங்க?” என்று பின்னாலேயே ஓடினாள்.

“உன் கதவு இல்ல அத்தை, அது முப்பத்தாறாவது வீட்டுக் கதவு!”

“எழுபது வருஷமா தாழ்ப்பாள் போடறது நான்!”

“எழுபது வருஷமா? உனக்கே ஐம்பதுதானே ஆகுது?”

நடுத்தெருவில் சக்கரம். எந்தக் கதவு இப்போது எங்கே இருக்கிறது என்று ஊரில் முழுசாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். “பன்னெண்டு, நாலாவது வீட்டுல எடு, கீழ இறக்கு! முப்பத்தொண்ணு, சாய்க்காத, நிமிர்த்திப் பிடி!” என்று குரல் கொடுத்துக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடினாள். கடைசி வீட்டிலிருந்து வந்த இருபத்திரண்டாம் கதவு மாமியார் பிறந்த வீட்டில் போய்ச் சேர்ந்தது. அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். “அப்பவும் இது சரியா விழாது” என்றாள்.

எண்ணெல்லாம் வரிசைக்கு வந்தது. கதவுகள்தான் வாசல்களுக்கு வரவில்லை. எழுபது வருடமாக வேறொரு கதவுக்காகச் செதுக்கிய நிலைகள் அல்லவா? சில கதவுகள் நிலையைவிட நாலு விரல் உயரம். சில, குழந்தைக்குத் தைத்த சட்டைபோல நடுவில் நின்றன. கொண்டி பொருந்தியது ஏழெட்டு வீட்டில். மற்றவை நிலையில் சாத்திவைக்கப்பட்டு, உள்ளேயிருந்து ஒவ்வொருவர் முதுகால் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றார்கள்.

நாலரை மணிப் பஸ் நாலு நாற்பதுக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் கையில் அட்டையும் பேனாவுமாகப் படித்துறை முனைக்கு வந்து, ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. சக்கரம் அவருக்கு ஓரடி முன்னாலேயே நடந்தாள். பதினேழில் அவர் பலகையைத் தொட்டுப் பார்த்தார். கதவு மெல்லப் பின்னால் சாய்ந்தது. உள்ளேயிருந்து ‘அய்யோ’ என்று கேட்டது. கதவு மறுபடி நிமிர்ந்தது.

“கதவை ஏன் மாட்டல?”

“காத்தாட விட்டிருக்கோம் சார்.”

இன்ஸ்பெக்டர் வரிசையை நீளப் பார்த்தார். குட்டையும் நெட்டையுமாக, ஒன்றிரண்டு லேசாக மூச்சு விட்டுக்கொண்டு நின்றன. பிறகு அவளைப் பார்த்தார். ஐந்தேகாலுக்குத் திரும்பிப் போகிற பஸ். அதை விட்டால் மறுநாள்தான்.

“நம்பர் வரிசையா இருக்கான்னுதான் என்கிட்ட கேட்டிருக்காங்க. இருக்கு. கதவு என் இலாகா இல்ல.” அறுபத்திரண்டாவது கோட்டைப் போட்டுக் கையெழுத்திட்டார். “சந்தோஷமாம்மா?”

“சந்தோஷம் சார்” என்றாள். சொல்லும்போதே பாதம் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

பஸ் திரும்பும் சத்தம் ஓய்வதற்குள் கதவுகள் தெருவில் இறங்கின. இருட்டுவதற்கு முன் நாற்பத்து மூன்று முதல் வீட்டில் இருந்தது, ஏழு அதற்கடுத்து. எல்லாக் கொண்டியும் சரியாக விழுந்தது. திங்கட்கிழமை வந்த புதுத் தபால்காரர் ஒன்றாம் எண் கடிதத்தோடு முதல் வீட்டுக்குப் போய் நின்றார். இரண்டு நாள் அவரோடு சேர்ந்து நடந்தாள். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார், அடித்தார், மறுபடி எழுதினார். “இதை மாத்தணும்னு யாருக்குமே தோணலையா?” என்று கேட்டார். “மாத்தினோமே, வெள்ளிக்கிழமை” என்றாள். மூன்றாம் நாள் அவள் பஸ் ஏறினாள். கணவர் நிறுத்தம்வரை வந்தார், அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து கையசைத்தார்.

தபால் வண்டி ஒரு நாளைக்கு முன்னூறு மைல் ஓடுகிறது. அதற்குள் அவள் நிற்கும் இடம் நீளவாட்டில் ஐந்து தப்படி. எதிரே குழிகள், பின்னால் பைகள். முதல் வாரம் டிரைவர் இரண்டு முறை வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தார். பின்பக்கம் எங்கோ ஒரு மரை கழன்று ஆடுகிறது என்று அவருக்குச் சந்தேகம். மூன்றாவது முறை கதவைத் திறந்தபோதுதான் கண்டுபிடித்தார். “அக்கா, அந்தக் காலைக் கொஞ்சம் சும்மா வையுங்க. வண்டி ஓடுதில்ல, அது போதும்.”

அந்த ஊருக்கான கடிதங்கள் இப்போது அவள் கைவழியாகத்தான் போகின்றன. ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் சின்னதாக எழுதுவாள். ‘முதல் வீடு’, ‘கடைசியிலிருந்து நாலாவது’, ‘வேப்பமரம் தாண்டி, நாய் இருக்கும், கூப்பிட்டுவிட்டுப் போகவும்’. இதற்கு எந்த விதியிலும் இடமில்லை. புதுத் தபால்காரர் புகாரும் செய்யவில்லை, நன்றியும் சொல்லவில்லை. நோட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டாராம்.

ஒரு நாள் வண்டி எங்கோ ஓடிக்கொண்டிருக்கும்போது கணவர் போன் செய்தார். தொட்டிக்குக் கீழே நாற்காலியில் இருந்துதான்.

“ஐம்பத்தெட்டுக்கு இன்னிக்கு வந்ததுல ஒண்ணும் எழுதலையாமே? அந்த ஆளு அரை மணியா தெருவுல சுத்திட்டு இருக்கான்.”

“வண்டி குலுங்கிச்சு, விட்டுப்போச்சு” என்றாள். காலை மாற்றி வைத்துக்கொண்டாள். “மூணாவது வீடு. எழுந்துபோய்ச் சொல்லுங்க. கூப்பிட்டுச் சொல்லக் கூடாது. நடந்துபோய்ச் சொல்லணும்.”

 போனில் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது.